கற்றோர் கற்பிப்போர் ஆதல்

கல்வியறிவு ஒன்று, அதனைப் பிறர்க்கு உணர்த்தும் ஆற்றல் வேறொன்று. இவ்விரண்டும் ஒருவரிடத்தே இயல்பாக ஒருங்கமைதல் அரிது. ஒரு துறையை ஐயந்திரிபறக் கற்றவர் அதனைக் கற்பிக்கப் புகுந்தவிடத்து இடர்ப்படுதலும், அத்துணை ஆழஞ் செல்லாத ஒருவர் அதனையே மாணாக்கர் உள்ளங்கொள்ளுமாறு விளக்குதலும் நாடோறும் காணப்படுவனவே. ஆகவே, கற்பித்தல் ஒரு தனிக்கலை என்பதும், ஏனைய கலைகள்போல அதுவும் பயிற்சியால் எய்தப்படுவது என்பதும் பெறப்படும். பள்ளிக்கூடங்களைப் பொறுத்தவரையில் இவ்வுண்மையை உலகம் நெடுநாட்களுக்கு முன்னரே ஒப்புக்கொண்டுவிட்டது. பல்கலைக்கழகங்கள் அதனை ஒப்புக்கொண்டதோ அண்மைக் காலத்திலேயாம். அவை எவ்வாறு ஒப்புக்கொண்டன, அதன்பொருட்டு யாது செய்கின்றன, இன்னும் செய்யவேண்டுவன யாவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை விளக்குதற்குக் கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரம் ஏற்றதோர் இடமாகும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒரு நெடுந்தெருவில் வடக்குத் தெற்காக அமைந்துள்ளன. இவற்றுள் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கின்றன. கல்வியியற் கல்லூரியிற் சேரும் ஒருவர் ஈராண்டு தங்கிப் பயின்று, மூன்றாமாண்டில் ஒரு பாடசாலையில் அமர்ந்து, பிறர் மேற்பார்வையிற் கற்பித்துப் பழகிய பின்னரே ஆசிரியராகின்றார். அரிச்சுவடி தொடங்கும் சிறு பிள்ளைக்குக் கற்பிக்கவும் மூன்றாண்டுப் பயிற்சி வேண்டப்படுகின்றது. அவ்வூருக்கு அணித்தாகிய ஒலுவிலில், 1995 ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1996 இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளது. ஏனைய பல்கலைக்கழகங்களிற்போல இங்கும் விரிவுரையாளரைத் தெரிவு செய்யும்போது முதற்கண் நோக்கப்படுவது அவர் பெற்ற பட்டத்தின் தரமேயாகும். சிறந்த சித்தி பெற்ற இளைஞர், தாம் மாணாக்கராக அமர்ந்திருந்த மண்டபத்திலேயே சில திங்களில் ஆசிரியராக நிற்க நேர்கின்றது. இது தனியொரு நிறுவனத்தின் குறையன்று. உலகப் பல்கலைக்கழகங்கள் யாவற்றுக்கும் பொதுவாயிருந்த வழக்கமே. இவ்வழக்கம் எங்ஙனம் தோன்றிற்று?

முன்னோர் கொள்கை

கற்பித்தலைத் தனியே எண்ணி இலக்கணம் வகுத்த பெருமை தமிழர்க்குண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்துஞ் சொல்லும் கூறப்புகுமுன், பொதுப் பாயிரத்திலே ஆசிரியனது வரலாறு, பாடஞ் சொல்லும் முறை, மாணாக்கனது வரலாறு, பாடங் கேட்கும் முறை ஆகியவற்றை வகுத்துரைக்கின்றது. நல்லாசிரியனுக்கு நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் உவமையாகின்றன. ஆசிரியராகாதார்க்குக் கூறப்படும் உவமைகளோ இன்னும் நுட்பமானவை. கழற்சிக்காய் பெய்த குடம், இட்ட முறையிலன்றி வந்தவாறே காய்களைச் சொரியும். பாடத்தை முறை பிறழச் சொல்வோர் அத்தகையர். மடல் நிறைந்த பனை தானாகப் பழம் வீழ்த்தினாலன்றித் தன்மேல் ஏறிப் பறிக்க ஒருவரையும் விடாது. வினவிய மாணாக்கனை அணுகவிடாதார் அத்தகையர். சிறுவாய்க் குண்டிகையில் அடைத்த பருத்தி, வருந்தி வாங்கினும் சிறிது சிறிதாகவே வெளிவரும். வளைந்த தென்னையோ நீர் வார்த்தவனை விட்டு வேலிக்கு அப்பாலுள்ளவனுக்குக் காயுதிர்க்கும். இந்நால்வரும் கல்லாதவர் அல்லர் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. குடத்தினுள் காயும், குண்டிகையுட் பருத்தியும், பனையிற் பழமும் உள. உள்ளதனைக் கொடுக்கும் முறைமையே இல்லை.

அந்நூல் இன்னுமொரு கருத்தைக் கூறுகின்றது. ஆசிரியன் உரைத்ததை நன்கு உளங்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறே. உடன் கற்போரோடு பயில்வதால் மற்றொரு காற்கூறு வந்தடையும். எஞ்சிய அரைக்கூறு, தான் பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே நிரம்பும். கற்பித்தல் மாணாக்கனுக்கு நன்மை பயப்பதோடு கற்பிப்பவனது புலமையையும் நிறைவு செய்கின்றது என்பது இதன் பொருள். பட்டப்பின் கல்வி பயிலும் இளைஞர் கீழ் வகுப்பு மாணாக்கர்க்குக் கற்பித்தல் ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த விடை கூறுதல் அரிது.

பட்டமும் பயிற்றலும் பிரிந்தமை

மேனாட்டிலும் ஆதியிற் பட்டம் என்பது கற்பித்தற்குரிய உரிமையையே குறித்தது. ‘டொக்டர்’ என்னும் சொல், ‘கற்பித்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. இடைக்கால ஐரோப்பாவிற் பட்டம் பெற்றோர், சபை முன் வாதிட்டு, கற்பிக்கும் உரிமை பெற்றனர். 1810 இற் பேர்லினில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ச்சியே உயர்கல்வியின் உயிர்நாடி என்னும் கொள்கை பரவிற்று. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861 இல் முதன்முதலாக ஆராய்ச்சிக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. இம்மாற்றத்தால் அறிவு பெருகிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆராய்ச்சி செய்யவல்லார் கற்பிக்கவும் வல்லார் என்னும் எண்ணம் வினவப்படாமலே நிலைபெற்றுவிட்டது.

மூத்த மாணாக்கன் இளைய மாணாக்கனுக்குக் கற்பிக்கும் முறையோ தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிற் சட்டாம்பிள்ளை வாயிலாக வழங்கி வந்தது. 1789 முதற் சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தை மேற்பார்த்த அந்திரு பெல் என்பவர், மணலில் விரலால் எழுதிப் பழகும் நாட்டுப் பள்ளிச் சிறுவரைக் கண்டு, மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் இல்லத்தில் அமைத்தார். அதுபற்றி அவர் 1797 இல் வெளியிட்ட நூலால் அம்முறை ‘சென்னை முறை’ என இங்கிலாந்தில் வழங்கலாயிற்று. மூத்தோன் இளையோனுக்குக் கற்பித்தல் மட்டும் போதாது, அவன் கற்பிப்பதை ஆசிரியன் கண்காணித்துத் திருத்தவும் வேண்டும் என்பதே அம்முறையின் சாரம். இப்பின்பகுதியைப் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் மறந்திருந்தன.

நிலையங்களின் தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாணாக்கர் தொகை பெருகவே அம்மறதியின் விளைவு வெளிப்பட்டது. 1962 இல் மிச்சிக்கன் பல்கலைக்கழகம் கற்றல் கற்பித்தல் பற்றி ஆராய்வதற்கெனத் தனி நிலையம் ஒன்றை நிறுவியது. அமெரிக்காவில் இவ்வகையில் அதுவே முதலாவது. 1975 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலும் ஒரு நிலையம் எழுந்தது. இந்தியாவில் 1986 ஆம் ஆண்டுத் தேசிய கல்விக் கொள்கையின் பயனாகப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்க்கெனக் கல்லூரிகள் ஏற்பட்டன. புதிதாக நியமனம் பெற்றோர்க்கு அறிமுகப் பயிற்சியும், பணியில் உள்ளோர்க்குப் புத்தாக்கப் பயிற்சியும் அங்கு அளிக்கப்பட்டன. அவை பின்னர்ப் பெயர் மாறியும் பணி தொடர்கின்றன.

இலங்கையிற் கொழும்புப் பல்கலைக்கழகம் 1997 இற் பணியாளர் மேம்பாட்டு நிலையத்தை நிறுவி வழிகாட்டியது. பின்னர் ஏனைய பல்கலைக்கழகங்களும் அத்தகைய நிலையங்களை அமைத்தன. தகுதிகாண் நிலையிலுள்ள விரிவுரையாளர் தம் பதவியில் உறுதிப்படுத்தப்பெறுதற்கு உயர்கல்விக் கற்பித்தல் பற்றிய பயிற்சியை முடித்தல் வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விதித்தது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய நிலையம் உண்டு. ஆகவே ஒலுவில் விரிவுரையாளரும் இன்று ஒருவகையில் அட்டாளைச்சேனை ஆசிரியரைப்போலப் பயிற்சி பெறுபவராகின்றார்.

பயிற்சியின் வகைகள்

இந்நிலையங்கள் செய்யும் பணிகளை நால்வகையாக அடக்கலாம்.

முதலாவது நுண்கற்பித்தல். 1963 அளவில் அமெரிக்க ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. பயிலுநர் ஐந்து முதற் பத்து நிமிடம் வரை ஒரு சிறு பாடத்தைச் சிலர் முன்னிலையிற் கற்பிப்பர். ஒளிப்பதிவு செய்யப்பட்ட அதனைத் தாமே கண்டும், பிறர் கூறுவன கேட்டும் திருத்தி, மீண்டும் கற்பிப்பர். ஒரு தடவையில் ஒரு திறன் மட்டுமே கவனிக்கப்படும். வினாத் தொடுத்தல் ஒரு நாள். உதாரணங் காட்டல் மற்றொரு நாள். தம் குரலையும், கரும்பலகையை நோக்கியே பேசும் தம் பழக்கத்தையும் தாமே காணும் ஒருவர்க்குப் பிறர் அறிவுரை மிகுதியும் வேண்டாது.

இரண்டாவது, உடன்பணியாளர் வகுப்பை நோக்கல். இருவர் முன்னரே கூடி, எதனைக் கவனிப்பது என்று முடிவு செய்வர்; ஒருவர் கற்பிக்க மற்றவர் பின்வரிசையில் அமர்ந்து குறித்துக்கொள்வர்; பின்னர் இருவரும் தனியே உரையாடுவர். இது குற்றங்காணும் சோதனை ஆதல் கூடாது. மருதமுனையில் நெசவு பயில்வோன் மூத்தவர் அருகே நின்றே கைபழகுகின்றான். அவன் இழை அறுந்தவிடத்து மூத்தவர் கை உடனே உதவுகின்றது. பல்கலைக்கழக வகுப்பறை மட்டும் கதவடைத்த தனியறையாக இருத்தல் வேண்டும் என்பதற்கு நியாயமில்லை.

மூன்றாவது, மாணாக்கர் கருத்தறிதல். இது தவணை முடிவிற் படிவம் நிரப்புவதாக மட்டும் இருப்பின் அவ்வகுப்பு மாணாக்கர்க்குப் பயனில்லை. பாடநெறியின் நடுவிலேயே, கற்றலுக்கு உதவியது எது, தடையாயிருப்பது எது எனக் கேட்டறிந்து அடுத்த வாரமே திருத்திக்கொள்வது சிறந்தது. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் விளங்கியது ஒன்று, விளங்காதது ஒன்று எனத் துண்டுத்தாளிற் பெயரின்றி எழுதச் செய்வதும் உண்டு. இதற்குச் செலவு காகிதமும் ஐந்து நிமிடமுமே.

நான்காவது, பாடத்தை அமைத்தல். மாணாக்கர் முடிவில் யாது செய்ய வல்லவராதல் வேண்டும் என்று முதலிலே துணிந்து, அதற்கேற்பக் கற்பித்தலையும் பரீட்சையையும் வகுப்பதே இது. ஆராயும் ஆற்றல் வேண்டும் என்று பாடத்திட்டத்தில் எழுதிவிட்டு, மனனம் செய்ததை ஒப்புவிக்கும் வினாவைப் பரீட்சையில் வைத்தால், மாணாக்கர் பாடத்திட்டத்தை நம்பார், வினாத்தாளையே நம்புவர்.

ஆய்வுகள் உணர்த்துவன

இம்முயற்சிகள் பயன் தருகின்றனவா என்னும் வினா எழலாம். விஞ்ஞானம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளிற் பல்கலைக்கழகக் கற்பித்தல் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகளிற் சராசரியாக நூற்றுக்கு 34 பேரளவில் சித்தியெய்தவில்லை. வினாவியும் கலந்துரையாடியும் கணக்குகளைக் கூடிச் செய்தும் கற்ற வகுப்புகளில் அத்தொகை 22 அளவாகக் குறைந்தது. மற்றொன்று, ஆசிரியர் வினாவிய பின் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றார் என்பது பற்றியது. பள்ளி வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அறிஞர், ஆசிரியர் பலர் ஒரு விநாடியளவே காத்திருப்பதையும், அதனை மூன்று விநாடியாக நீட்டியவிடத்து விடைகள் நீண்டு, விடை கூறுவோரும் பெருகியதையும் கண்டார். இரண்டு விநாடி மௌனம் ஒரு வகுப்பின் இயல்பை மாற்றவல்லது.

மாணாக்கர் மனநிறைவை மட்டும் அளவுகோலாகக் கொள்ளல் ஆகாது என்பதற்கும் சான்றுண்டு. 2019 இல் வெளியான ஹாவார்ட் பௌதிக வகுப்பு ஆய்வொன்றில், சரளமான விரிவுரையைக் கேட்டோர் தாம் மிகுதியாகக் கற்றதாக எண்ணினர்; தாமே முயன்று கற்றோரோ குறைவாகக் கற்றதாக எண்ணினர். சோதித்தபோது முயன்று கற்றோரே மிகுதியாகக் கற்றிருந்தனர். இனிய பேச்சு கேட்டு எழுந்து செல்வதும் கற்றலும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும்.

இளம் பட்டதாரிகளின் நிலை

இவ்விடத்து ஒரு குறை சுட்டப்படல் வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் நிரந்தர விரிவுரையாளரோடு தற்காலிக உதவி விரிவுரையாளர், பயிற்றாசிரியர், ஆய்வுகூடச் செய்முறை காட்டுநர் எனப் பலர் பணிபுரிகின்றனர். அண்மையிற் பட்டம் பெற்ற இளைஞர்களே இவர்களிற் பெரும்பாலார். பெருமண்டப விரிவுரையில் வாய் திறவாத மாணவன், சிறு வகுப்பிலும் ஆய்வுகூடத்திலும் இவர்களிடமே தன் ஐயத்தை வெளியிடுகின்றான். எனவே, தடுமாறும் மாணவனுக்கு மிக அணுக்கமான ஆசிரியர் இவர்களேயாவர். தகுதிகாண் விரிவுரையாளர்க்கு விதிக்கப்பட்ட பயிற்சியோ இவர்கள் அனைவரையும் கட்டுப்படுத்துவதில்லை. குறுகிய காலமே இருப்பவர்க்குப் பயிற்சி எதற்கு எனச் சிலர் கூறுவர். மாணாக்கனுக்கும் அவ்வாண்டு ஒருமுறையே வரும் என்பதை அன்னார் எண்ணுதல் வேண்டும்.

இதற்குப் பெருஞ் செலவு வேண்டுவதில்லை. தவணை தொடங்குமுன் இருநாட் பயிற்சி. முதல் மாதத்தில் மூத்தவர் ஒருவர் வகுப்பில் வந்தமர்ந்து உரையாடல். விடைத்தாளை எவ்வாறு திருத்துவது, பிழையைச் சுட்டுங்கால் எத்தகைய சொற்களை எழுதுவது என்பவற்றைக் கூடியிருந்து பழகுதல் ஆகிய மூன்றும் அமைந்தாற்கூடப் பெரிதும் நன்மை விளையும்.

கரையோரத்துக்கு இதன் இன்றியமையாமை

கல்முனைக் கரையோரத்துக்கு இஃது ஏட்டளவிலான விடயமன்று. இங்குப் பல குடும்பங்களிற் பல்கலைக்கழகம் புகும் முதற் பிள்ளை இன்றைய பிள்ளையேயாவான். விரிவுரை விளங்காவிடின் வீட்டில் வினவுதற்கு ஒருவருமில்லை. அன்றியும், பொறியியலும் தொழினுட்பமும், சம்மாந்துறையில் அமைந்த பிரயோக விஞ்ஞான பீடத்தின் பாடங்களும் ஆங்கில மொழியிற் கற்பிக்கப்படுகின்றன. மாணாக்கரோ உயர்தரம் வரை தமிழிலோ சிங்களத்திலோ கற்றவர்கள். கற்பிப்பவர்க்கும் கற்பவர்க்கும் தாய்மொழியல்லாத ஒரு மொழியில் நுண்பொருளை உணர்த்தல், நன்கு கற்றவர் என்னும் ஒரே தகுதியால் இயலுவதன்று. கலைச்சொல்லை முதலிலே பலகையில் எழுதுதல், ஒரே கருத்தை இருவகையாகக் கூறுதல், மாணாக்கர் தம்முள் தம் மொழியிற் பேசித் தெளிய இடமளித்தல் முதலிய எளிய உபாயங்களும் பயின்றே பெறவேண்டியன.

இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. ஒலுவிலிற் கலைப்பட்டம் பெறுவோர் பலர் இதே ஊர்ப் பாடசாலைகளுக்கு ஆசிரியராக வருகின்றனர். மனிதர் தாம் கற்பிக்கப்பட்ட விதமாகவே கற்பிக்க முற்படுவது இயல்பு. விரிவுரையாளர் பழைய குறிப்பைச் சொல்ல மாணவன் எழுதினால், அம்மாணவன் ஆசிரியனானபோது தன் வகுப்பிலும் குறிப்புச் சொல்லியே எழுதுவிப்பான். அக்குறிப்பை மனனம் செய்த சிறுவனே மீண்டும் பல்கலைக்கழகம் புகுவான். பல்கலைக்கழக வகுப்பொன்றின் குறை அவ்வகுப்போடு முடிவதில்லை. ஒரு தலைமுறையைச் சுற்றி வந்து அதே வாயிலில் நிற்கின்றது. அவ்வாறே ஒரு நல்ல வகுப்பின் பயனும் சுற்றி வரும்.

வெளிவாரிப் பட்டம் பயில்வோர் நிலையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பகலில் பணிபுரிந்து இரவிற் கற்கும் இவர்கள் விரிவுரை மண்டபத்தைக் காணுதல் அரிது. அச்சிட்ட குறிப்புகளும் வாரவிறுதி வகுப்புகளுமே இவர்களுக்கு ஆசிரியர். கற்பிப்பவர் நேரில் இல்லாதவிடத்து நூலே வினவவும் விளக்கவும் வேண்டும். தனியே கற்போர்க்கு உதவும் பாடநூலை எழுதுவதும் ஒரு கற்பித்தற் பயிற்சியே எனக் கொண்டு, மேம்பாட்டு நிலையங்கள் அதனையும் தம் பணியுள் அடக்குதல் தகும்.

சான்றிதழும் பழக்கமும்

இப்பயிற்சிகளை எதிர்ப்போர் கூறும் காரணங்கள் இரண்டு. ஆராய்ச்சிக்குரிய நேரம் இதனாற் குறைகின்றது என்பது ஒன்று. கற்பித்தல் பிறவிக்குணம், அது பயிற்சியால் வாராது என்பது மற்றொன்று. பிற்கூற்றை மேற்காட்டிய ஆய்வுகளே மறுக்கும். முற்கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. ஆராய்ச்சிக் கட்டுரைகளை எண்ணிக் கணக்கிடலாம். நல்ல வகுப்புகளை எண்ணுதல் எளிதன்று. பதவி உயர்வில் எண்ணத்தக்கதே மதிக்கப்படுமாயின் இளைஞர் அதனையே நாடுவர். ஆதலின் கற்பித்தலையும் சான்றுகளோடு மதிப்பிடும் முறை உறுதியாதல் வேண்டும். தாம் வகுத்த பாடம், உடன்பணியாளர் நோக்கிக் குறித்தவை, மாணாக்கர் கருத்தை அறிந்து செய்த திருத்தங்கள் என்பவற்றைத் தொகுத்து வைக்கும் கோவை இதற்கு உதவும்.

பயிற்சியை ஒருமுறை கடக்கும் வாயிலாகக் கருதுவதே எல்லாவற்றினும் பெரிய இடர். பதவி உறுதியானதும் சான்றிதழ் கோவையுட் செல்ல, வகுப்பு பழையபடியே நடைபெறுமாயின் விதியின் நோக்கம் நிறைவேறாது. பாடசாலை ஆசிரியரை அவரது சேவைக்காலம் முழுவதும் ஆலோசகர் வந்து காண்கின்றனர். பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பேராசிரியர் தம் வகுப்பறைக் கதவைத் தாமே திறந்து, “வந்து பாருங்கள்” என இளையோரை அழைப்பாராயின், நூறு சுற்றறிக்கை செய்யாததை அவ்வோர் அழைப்புச் செய்யும்.

முடிவுரை

இக்கரையோரத்துக் காரைதீவில் 1892 இற் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்ற சுவாமி விபுலாநந்தரது வாழ்க்கை இங்கு நினைக்கத்தக்கது. கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் பயின்று பள்ளியாசிரியராகிய அவர், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். பள்ளிகளில் விஞ்ஞானங் கற்பித்தார், தலைமையாசிரியராக விளங்கினார். அதன் பின்னரே 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராயினார். பயிற்றப்பட்ட பள்ளியாசிரியர் ஒருவர் பேராசிரியப் பீடத்தில் அமர்ந்தபோது அப்பீடம் தாழ்வுறவில்லை, உயர்வே எய்தியது. கற்பிக்கக் கற்றல் புலமைக்கு இழுக்கன்று என்பதற்கு இவ்வொரு வாழ்க்கையே போதிய சான்றாகும்.

அட்டாளைச்சேனையிற் பள்ளியாசிரியர் பயில்வதும், ஒலுவிலில் விரிவுரையாளர் பயில்வதும் ஒரே கலையையேயாம். இரு நிறுவனத்தாரும் ஒருவர் வகுப்பில் மற்றவர் சென்றமர்ந்து, கண்டதைக் கலந்துரையாடும் வழக்கம் ஏற்படுமாயின் இருவரும் பயன்பெறுவர். அப்பயன் முடிவில் இவ்வூர்ப் பிள்ளைகளையே சென்றடையும்.